பிளஸ் ஒன்னில் சைக்காலஜி: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு முடிவு வந்து குரூப் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் சைக்காலஜியைப் பற்றி இரண்டு பேச்சு காதில் விழும். "ரொம்ப ஈஸி, கதை எழுதினாலே மார்க் போடுவார்கள்" என்பது ஒன்று. "அதைப் படித்து என்ன பண்ணப் போகிறாய்?" என்பது இன்னொன்று. இரண்டையும் நம்ப வேண்டாம். கதை எழுதினால் மார்க் வராது. ஒழுங்காகப் படித்தால் பயன் நிச்சயம் உண்டு, அது தேர்வோடு முடிந்துவிடுவதும் இல்லை.

இந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை தேறுவது பெரும்பாலும் ஒரே ஒரு பழக்கத்தைப் பொறுத்தது. அன்றாடம் கண்ணில் படும் சம்பவத்தை, பாடப்புத்தகம் தரும் சரியான சொல்லோடு பொருத்திச் சொல்லத் தெரிய வேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் அந்தப் பழக்கத்தை வளர்க்கும் வழிகள். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தை வைத்துத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் உளவியலைத் தனிப் பாடமாகக் காண்பது அரிது. இங்கே பிளஸ் டூவில் இதைப் படிக்கிறவர்களில் அதிகம் பேர் சி.பி.எஸ்.இ. பிள்ளைகள்தான். ஐ.எஸ்.சி.யிலும் இந்தப் பாடம் உண்டு. பள்ளிக்குப் போகாமல் தனியாகப் படிக்க நினைப்பவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில், அதாவது என்.ஐ.ஓ.எஸ்.ஸில், 328 என்ற எண்ணில் இதை எடுக்கலாம்.

சேரும் முன் பள்ளியில் கேட்க வேண்டியவை

சி.பி.எஸ்.இ.யில் உளவியலின் பாட எண் 037. எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. அறிவியல் குரூப்போ வணிகவியலோ கலைப் பாடங்களோ, எதோடும் இதைச் சேர்த்து எடுக்க வாரியம் தடை போடுவதில்லை. தடை இருந்தால் அது பள்ளியின் கால அட்டவணையில்தான் இருக்கும். உயிரியலோடு சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு, பொருளியலோடு படிப்பவர்களும் உண்டு. கணக்கை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சராசரி, சதவீதம், நூற்றுமானம் எனப்படும் பர்சென்டைல், இயல்நிலைப் பரவல் வளைவு இவை இங்கேயும் வரும். பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் வரும்.

பள்ளியில் இரண்டே கேள்வி கேளுங்கள். உளவியல் படித்த ஆசிரியர் இருக்கிறாரா? சோதனைத் தொகுப்புகள் உள்ள லேப் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குப் பதில் தடுமாறினால் யோசியுங்கள். செய்முறையைச் செய்யாமல், முந்தைய வருஷப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுத வைக்கும் இடங்கள் உண்டு. அப்படி முடிப்பது பாடத்தின் பாதியை இழப்பதற்குச் சமம்.

இன்னொன்று மொழி. புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கும், பதிலும் ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறீர்கள். தமிழ் வழியில் பத்தாவது முடித்துவிட்டு வருகிறவர்கள் முதல் இரண்டு மாதம் திணறுவது இயல்பு. அவர்கள் ஒரு சொற்பட்டியல் நோட்டு போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுமை, நுண்ணறிவு, மனப்பான்மை, ஊக்கம், மனவெழுச்சி, வலுவூட்டல் என்று தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ச் சொல், கீழே வீட்டில் பார்த்த ஓர் உதாரணம். கருத்து தமிழில் பிடிபட்டுவிட்டால் ஆங்கிலத்தில் எழுதுவது பழக்கத்தில் வந்துவிடும்.

புத்தகம் வாங்கும்போது

என்.சி.இ.ஆர்.டி. புத்தகம்தான் அடிப்படை. அதன் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அண்ணன், அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022-23 கல்வியாண்டில் பாடச்சுமையைக் குறைத்தபோது பதினோராம் வகுப்பில் மூளை, நரம்பு மண்டலம் பற்றிய மூன்றாம் பாடத்தை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டில் கடைசி இரண்டு பாடங்கள் போய்விட்டன. அதனால் பழைய புத்தகத்தின் பாட எண்ணும் புதியதன் எண்ணும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு வருஷமும் வாரியம் வெளியிடும் பாடத்திட்டத்தை ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எடுத்துவிட்டார்கள் என்பதற்காக மூளை பற்றிய பாடத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் கதை படிப்பதுபோல் படித்துவிடுங்கள். நினைவு, மனவெழுச்சி பற்றிய பாடங்கள் அதற்கப்புறம் இன்னும் தெளிவாகும். கல்லூரியில் உளவியல் எடுக்கிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே அதைச் சந்திக்கத்தான் போகிறார்கள்.

கைடு வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் வேண்டாம். கைடு, வரையறையைத் தனியே பிய்த்துக் கொடுக்கும். பாடப்புத்தகம் அந்த வரையறை ஏன் தேவைப்பட்டது என்று சொல்லும். வினாத்தாளில் ஒரு சம்பவத்தைக் கொடுத்து இது எந்தக் கருத்து என்று கேட்கும்போது, காரணத்தோடு படித்தவர்தான் சரியாகச் சொல்வார்.

பதினோராம் வகுப்பு: இரண்டாம் பாடத்தில் நேரம் செலவழியுங்கள்

முதல் பாடம் வரலாறு. 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் முதல் ஆய்வுக்கூடம் அமைத்ததில் தொடங்கி, வில்லியம் ஜேம்ஸ், வாட்சன், கெஸ்டால்ட் உளவியலாளர்கள், ஃபிராய்டு என்று போகும். இந்தியப் பகுதியைப் பலர் தாண்டிவிடுவார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே உளவியல் துறை வந்துவிட்டது என்பதும், அங்கிருந்த கிரீந்திரசேகர் போஸ் 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார் என்பதும் தெரிந்திருக்க வேண்டியவை. ஃபிராய்டு உயிரோடு இருந்த காலத்திலேயே அவரோடு கடிதத்தில் வாதாடியவர் போஸ்.

இரண்டாம் பாடம் ஆய்வு முறைகள். வறட்சியாகத் தெரியும், வகுப்பில் தூக்கம் வரும். ஆனால் இதுதான் பாடத்தின் முதுகெலும்பு. இதைச் சரியாகப் படிக்காதவர்கள் இரண்டு வருஷமும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதைப் படிக்க ஒரே வழி, நீங்களே ஒரு கேள்வியை எடுத்து ஆய்வாக வடிவமைப்பது. "பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் மனப்பாடம் ஆகுமா?" என்று எல்லா வீட்டிலும் சண்டை நடக்கிறதே, அதையே எடுத்துக்கொள்வோம். வகுப்புத் தோழர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரியுங்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே இருபது சொற்கள், ஒரே அளவு நேரம். ஒரு குழு பாட்டோடு படிக்கிறது, மற்றது அமைதியில். அப்புறம் எத்தனை சொற்களை நினைவுகூர்ந்து எழுதினார்கள் என்று எண்ணுங்கள். பாட்டு இருப்பதும் இல்லாததும் நீங்கள் மாற்றுவது, ஆகவே அது சார்பிலா மாறி. நினைவில் வந்த சொற்களின் எண்ணிக்கை அதன் விளைவு, ஆகவே அது சார்ந்த மாறி. ஒரு குழுவைக் காலையிலும் இன்னொன்றைச் சாப்பாட்டுக்குப் பிறகும் சோதித்தால், வித்தியாசத்துக்குக் காரணம் பாட்டா தூக்கமா என்று தெரியாமல் போகும். அதுதான் புறமாறி. சீட்டுக் குலுக்கியது எதற்கு? நினைவாற்றல் அதிகம் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் இருக்க.

இதை ஒருமுறை கையால் செய்துவிட்டால் அந்தப் பாடத்தின் பாதி வந்துவிடும். மீதியில் முக்கியமானது ஒட்டுறவு ஆய்வு. டியூஷன் போகிற பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்கள் என்று ஒரு கணக்கு காட்டினால், டியூஷன்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? வீட்டு வருமானம், பெற்றோரின் படிப்பு, தனி அறை இருப்பது என எதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டு விஷயம் சேர்ந்து நகர்கிறது என்பது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது வேறு. செய்தித்தாளில் 'ஆய்வு சொல்கிறது' என்று வரும் எதையும் இந்தக் கேள்வியோடு படிக்கப் பழகுங்கள். பிளஸ் டூ உளவியல் தரும் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் கருத்து.

கற்றல், நினைவு: பலரும் குழம்பும் இடம்

கற்றல் பாடத்தில், சாப்பாட்டோடு சேர்ந்து வந்த ஓசைக்கே எச்சில் விடப் பழகிய பாவ்லோவின் நாயும், விசையை அழுத்தினால் இரை கிடைக்கும் ஸ்கின்னரின் பெட்டியும் வரும். நாய் எச்சில் விட்டது என்று மனப்பாடம் செய்தால் தேர்வில் உதாரணம் மாறியதும் மாட்டிக்கொள்வீர்கள். நம் வீட்டு உதாரணத்தில் பொருத்திப் பாருங்கள். குழந்தைக்கு ஊசி போட்டால் வலிக்கிறது, அழுகிறது. ஊசி போடுகிறவர் ஒவ்வொரு முறையும் வெள்ளைக் கோட்டில் வருகிறார். நாலு தடவைக்கு அப்புறம் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே குழந்தை அழுகிறது. ஊசி, யாரும் கற்பிக்காமலே விளைவை உண்டாக்கும் தூண்டல். வெள்ளைக் கோட்டு, சேர்ந்து சேர்ந்து வந்ததால் தூண்டலாக மாறியது. அடுத்த மாதம் முடிவெட்டும் கடையில் வெள்ளை அங்கியைப் பார்த்தும் அழுதால் அது பொதுமைப்படுத்தல். டாக்டரைப் பார்த்து அழுது, முடிவெட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்தால் அது வேறுபடுத்தி அறிதல்.

அடுத்து நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட், அதாவது எதிர்மறை வலுவூட்டல். நெகட்டிவ் என்ற சொல்லைப் பார்த்ததும் தண்டனை என்று எழுதிவிடுகிறார்கள். பொதுத்தேர்விலும் இந்தத் தவறு நடக்கிறது. சாயங்காலம் கொசு கடிக்கிறது, கொசுவர்த்தி ஏற்றுகிறீர்கள், கடி நிற்கிறது. நாளைக்கும் ஏற்றுவீர்கள். பிடிக்காத ஒன்று விலகியதால் ஒரு செயல் அதிகமானது. அதுதான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மெண்ட். தண்டனை செயலைக் குறைக்கும், வலுவூட்டல் எந்த வகையானாலும் செயலை அதிகமாக்கும். கேள்வியைப் படித்ததும் முதலில் "செயல் கூடுகிறதா, குறைகிறதா?" என்று கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நினைவு பற்றிய பாடத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம், அதை வைத்தே மற்றப் பாடங்களையும் படிக்கலாம். எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்று அளந்தார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக விழுகிறது, அப்புறம் மெதுவாகிறது. அப்படியானால் வகுப்பு நடந்த அன்று இரவே பத்து நிமிஷம் திரும்பப் பார்ப்பது, தேர்வுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து முட்டுவதைவிடப் பலன் தரும். ஜார்ஜ் மில்லர் 1956-இல் சொன்ன ஏழு, கூடவோ குறையவோ இரண்டு என்ற குறுகியகால நினைவின் அளவு, பத்து எண்ணை மூன்று துண்டாகப் பிரித்தால் ஏன் எளிதில் நிற்கிறது என்று விளக்குகிறது. கிரெய்க்கும் லாக்ஹார்ட்டும் 1972-இல் சொன்னது இன்னும் பயனுள்ளது: ஒரு சொல்லின் பொருளை யோசித்துப் படித்தால், ஒலியை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட நன்றாகத் தங்கும். சத்தம் போட்டு ஒப்பிப்பதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

மற்றப் பாடங்களில் வளர்ச்சி பற்றியதும் புலன்காட்சி பற்றியதும் சுவையானவை, தானாகவே படித்துவிடுவீர்கள். குழந்தையின் சிந்தனை வளரும் விதத்தைப் பியாஜே பிரித்துச் சொன்ன நிலைகளை வயதோடு எழுதிப் பழகினால் போதும். சிந்தனை, ஊக்கமும் மனவெழுச்சியும் ஆகிய இரண்டும் மதிப்பெண்ணில் சிறியவை, கடைசியில் பார்க்கலாம்.

செய்முறை: இங்கேதான் பாடம் உயிர் பெறுகிறது

பதினோராம் வகுப்பில் ஒரு புராஜெக்டும் இரண்டு பரிசோதனைகளும் செய்ய வேண்டும். பன்னிரண்டில் ஐந்து உளவியல் சோதனைகளும், ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதும் கேஸ் புரொஃபைல் ஒன்றும். பன்னிரண்டின் 30 மதிப்பெண்ணில் ரெக்கார்டுக்கும் கேஸ் புரொஃபைலுக்கும் சேர்த்து 10, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 5, தேர்வு நாளில் செய்யும் இரண்டு சோதனைகளுக்கு 15. அந்த 15-இல் நடத்துவதற்கு 5, அறிக்கை எழுதுவதற்கு 10.

பதினொன்றில் பல பள்ளிகள் முல்லர்-லயர் காட்சிமயக்கத்தைத் தருகின்றன. அம்பு முனை உள்ளே மடங்கிய கோடும் வெளியே விரிந்த கோடும் ஒரே நீளம்தான், ஆனால் ஒன்று நீளமாகத் தெரியும். நகர்த்தும் பலகையை வைத்துக்கொண்டு, இரண்டும் சமம் என்று பங்கேற்பவருக்குத் தோன்றும் இடத்தை அளப்பீர்கள். சின்னதிலிருந்து பெரிதாக நகர்த்திச் சில முறை, பெரிதிலிருந்து சின்னதாகச் சில முறை, வலப்பக்கம் வைத்துச் சில, இடப்பக்கம் வைத்துச் சில. ஏன் இத்தனை சிரமம் என்று கேட்பவர்கள் இரண்டாம் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். நகர்த்தும் திசையும் வைக்கும் பக்கமும் முடிவைக் கெடுக்காமல் இருக்கத்தான். வைவாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது.

பன்னிரண்டில் வருவது மனிதர்களை அளக்கும் சோதனைகள். நுண்ணறிவுக்குப் பெரும்பாலும் ரேவனின் ஸ்டாண்டர்டு புரோகிரஸிவ் மேட்ரிசஸ். ஏ முதல் இ வரை ஐந்து தொகுதி, தொகுதிக்கு 12 படங்கள், மொத்தம் 60. விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும், மொழி தேவையில்லை. ஆளுமைக்கு ஐசன்க் வினாநிரல், பதற்றத்துக்கு சின்ஹாவின் சோதனை, அப்புறம் பொருத்தப்பாடு, தன்கருத்து, மனப்பான்மை, திறன் என்று பள்ளிக்குப் பள்ளி மாறும்.

நடத்தும்போது வரிசையாகச் செய்ய வேண்டியவை இவை. முதலில் கையேட்டை முழுக்கப் படியுங்கள். அறிவுறுத்தலை அதில் உள்ளபடியே சொல்ல வேண்டும், சொந்தச் சொல்லில் சுருக்கக் கூடாது. பங்கேற்பவரை வசதியாக உட்கார வைத்து, இரண்டு நிமிஷம் சும்மா பேசுங்கள். ராப்போர்ட் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். "இது பரீட்சை இல்லை, விவரம் வெளியே போகாது, பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அவர் எழுதும்போது எட்டிப் பார்க்காதீர்கள், ஆனால் எங்கே தயங்கினார், எங்கே அவசரப்பட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அனுபவம் எப்படி இருந்தது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். இது இன்ட்ரோஸ்பெக்டிவ் ரிப்போர்ட். பலர் இதை வீட்டில் உட்கார்ந்து தாங்களே கற்பனையாக எழுதுகிறார்கள். தேர்வாளர் முதல் இரண்டு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் மதிப்பிடுதல். கிடைத்த மூல மதிப்பெண்ணுக்குத் தனியாக அர்த்தம் எதுவும் இல்லை. கையேட்டிலுள்ள நெறி அட்டவணையில் அந்த வயதுக்குரிய நூற்றுமானத்தைப் பார்க்க வேண்டும். 75-ஆவது நூற்றுமானம் என்றால் 75 சதவீத மார்க் என்று எழுதிவிடாதீர்கள். அதே வயதினரில் 75 சதவீதம் பேர் இவருக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்று பொருள்.

அறிக்கையில் விவாதப் பகுதிக்குத்தான் உண்மையான மார்க். எண்ணை மட்டும் சொல்லி முடிக்காமல், கவனித்ததையும் அவர் சொன்னதையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பேசுங்கள். இரவு சரியாகத் தூங்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அது பதற்ற மதிப்பெண்ணைப் பாதித்திருக்குமா? எழுதுங்கள். முடிவுரையில் "இவர் புத்திசாலி", "இவர் பதற்றக்காரர்" என்று ஆள்மேல் முத்திரை குத்த வேண்டாம். "இந்தச் சோதனையில், இந்த நாளில், இவரது மதிப்பெண் சராசரி வரம்பில் இருக்கிறது" என்று எழுதுங்கள். பங்கேற்றவர் உங்கள் தோழிதான் என்றாலும் அவருடைய மதிப்பெண்ணை இடைவேளையில் நாலு பேரிடம் சொல்லக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். பதினேழு வயதில் நுண்ணறிவுச் சோதனை எண் ஒன்று வகுப்பில் பரவினால், அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு நாள் வலிக்கும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

கேஸ் புரொஃபைலுக்கும் அதே நியாயம்தான். ஒருவரின் வாழ்க்கையை நேர்காணல், கவனிப்பு, தேவைப்பட்டால் ஒரு சோதனை ஆகியவற்றின் மூலம் எழுத வேண்டும். உண்மைப் பெயர் கூடாது, ஊர், தெரு, பள்ளி எதுவும் அடையாளம் காட்டக் கூடாது. சோகக் கதை உள்ளவரைத்தான் தேட வேண்டும் என்றில்லை. பக்கவாதத்திலிருந்து மீண்டு மறுபடி தையல் மெஷினில் உட்கார்ந்த பாட்டி, கற்றல் குறைபாட்டோடு படித்துப் பாலிடெக்னிக் சேர்ந்த மாமா மகன் என்று மீண்டு வந்தவர்களையும் எடுக்கலாம். அனுமதி வாங்குங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடமும் வாங்குங்கள். கோடை விடுமுறையிலேயே ஆளை முடிவு செய்துவிட்டால் டிசம்பரில் அலைய வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு

ஏழு பாடங்கள். நுண்ணறிவு, ஆளுமை, உளக்கோளாறுகள் இந்த மூன்றும்தான் மதிப்பெண்ணில் கனமானவை. நுண்ணறிவுக் கோட்பாடுகளை ஒரு பெரிய அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: ஸ்பியர்மேனின் இரண்டு காரணிகள், தர்ஸ்டனின் ஏழு அடிப்படைத் திறன்கள், கார்ட்னரின் பன்முக நுண்ணறிவு, ஸ்டெர்ன்பெர்க்கின் மூன்று கூறுகள். பாஸ் (PASS) எனப்படும் நுண்ணறிவு மாதிரியை உருவாக்கியவர்களில் ஜே.பி. தாஸ் ஒடிசாவில் பிறந்து கனடாவில் பணியாற்றியவர். யார் எதைச் சொன்னார் என்பதோடு, முந்தியவரிடம் என்ன குறை கண்டு இதைச் சொன்னார் என்றும் ஒரு வரி எழுதினால் பட்டியல் தானாகவே நினைவில் நிற்கும்.

மன அழுத்தம் பற்றிய பாடத்தில் ஹான்ஸ் செலியேயின் மூன்று கட்டங்கள் (எச்சரிக்கை, எதிர்ப்பு, சோர்வு) ஏறக்குறைய எப்போதும் கேட்கப்படும். சமூக உளவியல் பாடங்கள் இரண்டும் சுலபம், ஆனால் முன்முடிவு, பாரபட்சம், வார்ப்புரு இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு சமூகத்தாரைப் பற்றிய பொதுப்படையான எண்ணம் வார்ப்புரு. அவர்கள்மேல் முன்கூட்டியே இருக்கும் வெறுப்பு முன்முடிவு. அவர்களுக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பது பாரபட்சம். எண்ணம், உணர்வு, செயல் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

உளக்கோளாறுகள் பாடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். புத்தகம் டி.எஸ்.எம்.-5 வகைப்பாட்டை, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட கோளாறுப் பட்டியலை, பின்பற்றுகிறது. படிக்கும்போது சிக்கும் இடம் மனச்சிதைவு நோயின் பாசிட்டிவ், நெகட்டிவ் அறிகுறிகள். பாசிட்டிவ் என்றால் நல்லது என்று பொருளில்லை. இயல்பில் இல்லாத ஒன்று கூடுதலாக வந்தால் பாசிட்டிவ், இருக்க வேண்டிய ஒன்று இல்லாமல் போனால் நெகட்டிவ். இல்லாத குரல் காதில் கேட்பது ஹலூசினேஷன், அது புலன் சார்ந்தது. யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஆதாரமின்றி உறுதியாக நம்புவது டெலூஷன், அது நம்பிக்கை சார்ந்தது.

இந்தப் பாடம் நடக்கும் மாதத்தில் வகுப்பில் பாதிப் பேருக்குத் தங்களுக்கே ஏதோ ஒரு கோளாறு இருப்பதாகத் தோன்றும். மீதிப் பேர் வீட்டில் உள்ளவர்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பிப்பார்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கும் அம்மாவுக்கு ஓ.சி.டி., கோபப்பட்டுவிட்டுச் சிரிக்கும் நண்பனுக்கு பைபோலார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அறிகுறி இருப்பது மட்டும் கோளாறு ஆகாது. எவ்வளவு காலம், எவ்வளவு துன்பம், அன்றாட வாழ்க்கை எந்த அளவு தடைபடுகிறது என்பதையெல்லாம் பயிற்சி பெற்றவர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார். புத்தகமே மாறுபட்ட நடத்தைக்கு விலகல், துன்பம், செயலிழப்பு, ஆபத்து என நான்கு அளவுகோல் தருகிறது. அதை மனதில் வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. படிக்கும்போது உண்மையாகவே உங்களைப் பற்றி எழுதியிருப்பதுபோல் இருந்தால், வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் ஆர்வம் இல்லை, சாக வேண்டும் போல் இருக்கிறது என்றால், அதைப் பாடமாக மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டாம். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022-இலிருந்து இயங்குகிறது, நாள் முழுக்கக் கிடைக்கும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

தேர்வில் பதில் எழுதுவது

மூன்று மணி நேரம், 70 மதிப்பெண். ஒரு மார்க், இரண்டு, மூன்று, நான்கு, ஆறு என்று கேள்விகள் ஏறும், கடைசியில் ஒரு பத்தியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகள் வரும். இரண்டு மார்க்குக்கு ஒரு பக்கம் எழுதுவது வீண். ஒரு கருத்துச் சொல், அதன் வரையறை, ஒரு உதாரணம், அவ்வளவுதான். ஆறு மார்க் கேள்விக்கு உபதலைப்பு போட்டு எழுதுங்கள்.

சம்பவத்தைக் கொடுத்துக் கேட்டால் முதல் வரியிலேயே கருத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் வரியில் வரையறை. மூன்றாவதில், கேள்வியில் உள்ள ஆளின் பெயரையே எடுத்து, அவர் செய்தது எப்படி இதற்குப் பொருந்துகிறது என்று எழுதுங்கள். பொதுவான அறிவுரை எழுதுகிறவர்கள்தான் மார்க்கை இழக்கிறார்கள். "மாணவர்கள் மன அழுத்தத்தைத் தவிர்க்க நல்ல பழக்கங்களை மேற்கொள்ள வேண்டும்" என்ற வாக்கியத்தில் உளவியல் எதுவும் இல்லை. "பணி சார்ந்த உத்தி, மனவெழுச்சி சார்ந்த உத்தி, தவிர்ப்பு உத்தி" என்று எண்ட்லரும் பார்க்கரும் பிரித்ததைச் சொல்லி, ஒவ்வொன்றையும் அந்த மாணவன்மேல் பொருத்திக் காட்டினால் உண்டு. ஜனவரிக்குள் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் வாரியத்தின் மாதிரித் தாளையும் விடைக்குறிப்போடு ஒருமுறை முடித்துவிடுங்கள். விடைக்குறிப்பில் எந்தச் சொல்லுக்கு மார்க் பிரித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே எழுத்து மாறும்.

பிளஸ் டூவுக்கு அப்புறம்

உளவியலில் பட்டம் படிக்க, பிளஸ் டூவில் இதைப் படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் கேட்பதில்லை. படித்தவர்களுக்கு முதல் வருஷம் இலகுவாக இருக்கும், அவ்வளவுதான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதில் உளவியலும் ஒரு பாடம். சென்னையில் மாநிலக் கல்லூரி, மகளிர் கிறித்தவக் கல்லூரி, கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி போன்றவற்றில் பட்டப்படிப்பு உண்டு.

வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "டாக்டர் ஆக முடியுமா?" மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். படித்து அதன்மேல் சிறப்புப் படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவது அவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் வழியாக வருகிறவர், சோதனைகளும் உளச்சிகிச்சையும் அவர் வேலை. அந்தப் பெயரில் தொழில் செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், ஆர்.சி.ஐ. என்பார்கள், பதிவு வேண்டும். சும்மா ஒரு எம்.ஏ. சைக்காலஜி முடித்தால் அந்தப் பதிவு வராது. அந்த மன்றம் அங்கீகரித்த படிப்பை அது அங்கீகரித்த இடத்தில்தான் படித்திருக்க வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் அப்படிப்பட்ட இடங்களில் பெயர் பெற்றது. படிப்புகளின் பெயரும் விதியும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. ஆகவே எந்தக் கல்லூரி "கிளினிக்கல்" என்று விளம்பரம் செய்தாலும், பணம் கட்டும் முன் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் சேர்ந்து இருக்கிறதா, எந்தக் கல்வியாண்டு வரை அனுமதி என்று பார்த்துவிடுங்கள்.

எல்லோரும் சிகிச்சை பக்கம்தான் போக வேண்டும் என்றில்லை. பள்ளி ஆலோசகர், நிறுவனங்களில் மனிதவளம், விளையாட்டு உளவியல், சிறப்புக் கல்வி, சந்தை ஆய்வு, ஆராய்ச்சி என்று பல வழிகள் இருக்கின்றன. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று வருஷத்தில் எத்தனை வாரம் மருத்துவமனையிலோ சிறப்புப் பள்ளியிலோ களப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டாம் வருஷம் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரிடமும் அதையே கேட்டுவிட்டு வாருங்கள்.